கறுப்புப் புகையும் ஒரு வரவு செலவு நோட்டும்

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பின்சீட்டு வாடிக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தடவை. அடுத்த வளைவில் கேட்டே விட்டார்.

"என்னண்ணே, நம்ம வண்டியா இப்படிப் புகையுது? நான் ஏதோ லாரியோட புகைன்னு நினைச்சேன்."

டிரைவர் அண்ணன் சிரித்து மழுப்பினார். ஆனால் கண்ணாடியில் அவருக்கும் எல்லாம் தெரிந்தது. பின்னால் பைக்கில் வந்த ஜோடியில் அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். ஓட்டி வந்த பையன் ஹாரன் அடித்து முந்திப் போகும்போது ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள்... 22 வருஷமாக ஸ்டியரிங் பிடிப்பவருக்கு அந்த ஒரு பார்வை போதும்.

இது 2024 ஜூலையில் நடந்தது. அண்ணனுக்கு ஊர் மதுரை. வண்டி 2018 மாடல் டீசல் கார், 1.3 லிட்டர் எஞ்சின், மஞ்சள் போர்டு. மீட்டரில் 2,40,000 கிலோமீட்டர். சொந்த வண்டிதான், ஆனால் தவணை இன்னும் எட்டு மாதம் பாக்கி. கொடைக்கானல் போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புகையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. லிட்டருக்கு 20 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 15 கூடக் கொடுப்பதாகத் தெரியவில்லை. போதாததற்கு எஃப்.சி. காட்ட மூன்று வாரம்தான் இருந்தது.

கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் மைலேஜ் ஒரு பெருமை விஷயம். வாடகைக்கு ஓட்டுபவருக்கு அது சோறு. கணக்கைப் பாருங்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கொடுத்தால் 10 லிட்டர், 930 ரூபாய். 14.5 கொடுத்தால் 13.8 லிட்டர், சுமார் 1,283 ரூபாய். நாளைக்கு 353 ரூபாய் காற்றில் போகிறது. (காற்றில்தான் போகிறது, கறுப்பாக!) மாதம் 25 நாள் ஓடினால் கிட்டத்தட்ட 8,800 ரூபாய். வாடகையை ஏற்ற முடியாது, ஏற்றினால் வாடிக்கைக்காரர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். ஆக மொத்த நஷ்டமும் வீட்டுச் செலவில்தான் வந்து விழும்.

மறுநாள் காலையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். போனட்டைத் திறந்தார்கள், ரெண்டு தடவை ஆக்ஸிலேட்டரை அழுத்தினார்கள், மூடினார்கள். "நாலு இன்ஜெக்டரும் போயிருச்சுண்ணே. மாத்துனா 50 ஆயிரம் ஆகும்." இன்னொரு இடத்தில் கேட்டார். அவர்கள் இன்னும் ஒரு படி மேலே. "எஞ்சினைப் பிரிச்சுப் பாத்துருவோம்." அதாவது 80 ஆயிரத்துக்குக் குறையாது.

ஸ்டாண்டில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். டீசலில் 2டி ஆயில் ஊற்று என்றார் ஒருவர். பைபாஸில் நாலு கியரில் விரட்டு, அடைசல் எல்லாம் பறந்துவிடும் என்றார் இன்னொருவர். இரண்டையும் செய்து பார்த்தார். 2டி ஆயில் டப்பா காலியானதுதான் மிச்சம்.

புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் வண்டியைக் காட்டினார். டீசல் காருக்கு அங்கே செய்வது இதுதான். வண்டி நின்ற இடத்தில் நிற்க, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து விடுவார்கள். சைலன்ஸரில் வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று மெஷின் அளக்கும். பி.எஸ். 4 டீசல் வண்டிக்கு அனுமதி 1.62 வரை. அண்ணன் வண்டிக்கு 2.3 காட்டியது. ஃபெயில்.

வெளியே வந்ததும் ஒரு புரோக்கர் ஒட்டிக்கொண்டார். "வண்டி எதுக்குண்ணே, காசை மட்டும் குடுங்க. சர்ட்டிபிகேட் சாயங்காலம் கைக்கு வந்துரும்."

மனசு லேசாக ஆடியது என்பதுதான் உண்மை. வீட்டில் வந்து சொன்னார். அண்ணி கேட்ட கேள்வி ஒன்றுதான். "சரிங்க, சீட்டு வாங்கிருவோம். மலை ஏறும்போது சீட்டைக் காட்டுனா புகை நின்னுருமா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். "இன்ஜெக்டர்தான்னு உறுதியா சொன்னாங்கன்னா இந்தச் சங்கிலியைக் கொண்டு போய் வைங்க. உறுதியா சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தால் யாருமே உறுதியாகச் சொல்லவில்லை. யாருமே எதையும் அளந்து பார்க்கவில்லை. போனட்டைத் திறந்து மூடியதற்கு 50 ஆயிரம், வாயால் சொன்னதற்கு 80 ஆயிரம். இரண்டு பவுன் சங்கிலி எதை நம்பிக் கழுத்தை விட்டு இறங்குவது?

அப்போதுதான் பாய் ஞாபகம் வந்தது. ஒரு சந்துக்குள் சின்னப் பட்டறை. போர்டு கிடையாது. டீசல் வண்டி வேலை மட்டும் 30 வருஷமாகப் பார்க்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் பாய் போனட்டைத் திறக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"புகை என்ன கலர்ண்ணே?"

"கறுப்பு பாய்."

"எப்ப வருது? காலைல ஸ்டார்ட் பண்ணும்போதா, சும்மா நிக்கும்போதா, மிதிச்சு ஏத்தும்போதா?"

"ஏத்தத்துல மிதிச்சாத்தான். நிக்கும்போது ஒண்ணும் இல்ல."

"ஆயில் குறையுதா? ரேடியேட்டர் தண்ணி குறையுதா?"

"ரெண்டும் குறையல."

"அப்ப பாதி வேலை முடிஞ்சுச்சு," என்றார் பாய்.

என்ன முடிந்தது என்கிறீர்களா? டீசல் வண்டியின் புகைக்கு மூன்று கலர் உண்டு. மூன்றும் மூன்று வேறு வேறு நோய்.

வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் ஆவியாகவே வெளியேறுகிறது, அல்லது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறது. குளிர் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் பயமில்லை. எஞ்சின் சூடான பிறகும் வந்தால் கம்ப்ரெஷன், டீசல் பாயும் நேரம் இவற்றைப் பார்க்க வேண்டும். கூடவே கூலன்ட் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வரும்.

நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு சீல் போயிருக்கலாம், டர்போ சீல் கசியலாம். எதுவானாலும் ஆயில் அளவு குறைந்தே தீரும். டிப்ஸ்டிக் பொய் சொல்லாது.

கறுப்புப் புகை என்றால் கரி. டீசலுக்குப் போதுமான காற்று கிடைக்காமல் பாதி வெந்து வெளியே வருகிறது. அடுப்பில் காற்று பத்தாமல் பாத்திரத்தின் அடி கரி பிடிக்கிறதே, அதே கதைதான்.

1 கிலோ டீசல் முழுசாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். இதை லிட்டரில் சொன்னால்தான் ஆச்சரியம் தெரியும். ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று! அதுவும் குறைந்தபட்சம்தான். டீசல் எஞ்சினுக்கு எப்போதும் இதைவிடக் கூடுதலாகவே காற்று வேண்டும். நாம் பங்கில் டீசலுக்கு மட்டும் காசு கொடுக்கிறோம், காற்று இலவசம். அதனால் வண்டி ஏதாவது செய்தால் சந்தேகம் முதலில் டீசல் பக்கமே போகிறது. இன்ஜெக்டர், பம்ப், "பங்கில் கலப்படம்" என்று. பத்தாயிரம் லிட்டர் போகும் வழியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆயிலும் குறையவில்லை, கூலன்ட்டும் குறையவில்லை, நிற்கும்போது புகையும் இல்லை. ஆக எஞ்சினைப் பிரிக்கும் 80 ஆயிரம் ரூபாய் யோசனை மூன்று கேள்வியிலேயே பின்னுக்குப் போய்விட்டது. பாய் அடுத்துச் சொன்னது இதைவிட முக்கியம். "மைலேஜ் எவ்வளவுன்னு சும்மா சொல்லாதீங்கண்ணே. அளந்துட்டு வாங்க."

அண்ணனுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று டீசல் போட்டே பழக்கம். அப்படிப் போட்டால் மைலேஜ் ஒருநாளும் பிடிபடாது. பாய் சொன்ன முறை பழைய முறைதான். ஒரு பங்கில் நாஸில் தானாக நிற்கும் வரை டேங்க் ஃபுல் செய்யணும், மீட்டரைக் குறிச்சுக்கணும். நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் எப்போதும் போல ஓட்டிவிட்டு, அதே பங்கு, அதே நாஸில், மறுபடி ஃபுல். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்து வந்தார். 14.5.

பாய் வேலையை ஆரம்பித்தார். அதில் ஒரு வரிசை இருந்தது. செலவே இல்லாத சோதனை முதலில், பொருள் வாங்க வேண்டிய வேலை கடைசியில். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். போன மாதம் மாற்றியது, சுத்தமாக இருந்தது. அடுத்து, எல்லோரும் குற்றம் சாட்டிய இன்ஜெக்டர்.

ரிட்டர்ன் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. இன்ஜெக்டருக்குப் போகும் டீசலில் ஒரு பகுதி திரும்பி டேங்குக்கே வரும். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டியூப்களையும் கழற்றி நாலு சின்ன பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓடவிட வேண்டும். உள்ளே தேய்ந்துபோன இன்ஜெக்டர் எதுவோ அதன் பாட்டில் சீக்கிரம் நிறையும். அண்ணன் குனிந்து உட்கார்ந்து பரீட்சை ரிசல்ட் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பாட்டிலும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அளவில் ஏறின.

இது ஒன்றே முழு நிரூபணம் ஆகாது. நுனியில் சொட்டும் இன்ஜெக்டர் இந்த டெஸ்டில் தப்பித்துவிடலாம். ஆனால் அப்படிச் சொட்டினால் எஞ்சின் சும்மா நிற்கும்போதே ஆடும், தட்டுகிற சத்தம் வரும். இங்கே இரண்டும் இல்லை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்ததில் நாலு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் செய்யும் திருத்த அளவும் சாதாரணமாகவே இருந்தது. 50 ஆயிரமும் பின்னுக்குப் போனது.

"வாங்க, ஒரு ரவுண்டு போவோம்," என்றார் பாய். நிறுத்தி வைத்த வண்டியில் வராத நோயை நிறுத்தி வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது? மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் முழு மிதி. அண்ணன் ஓட்ட, பாய் மடியில் ஸ்கேனர். கண்ணாடியில் புகை. ஸ்கேனரில் இரண்டு எண்.

ஒன்று, ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் இருக்கும் சென்சார் காட்டுவது, எவ்வளவு காற்று உள்ளே வந்தது என்று. அது நன்றாகவே இருந்தது. இன்னொன்று, காற்று எஞ்சினுக்குள் நுழையும் வாசலில் அளக்கும் அழுத்தம். டர்போ வேலை செய்யும்போது அது 2 பாருக்கு மேல் போயிருக்க வேண்டும். 1.4ஐத் தாண்டவில்லை. (வெளிக்காற்றின் அழுத்தமே 1 பார்.)

குடோன் கணக்கு பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். கேட்டில் 100 மூட்டை வரவு என்று எழுதியாகிவிட்டது. குடோனில் எண்ணினால் 70தான் இருக்கிறது. அப்படியானால் 30 மூட்டை கேட்டுக்கும் குடோனுக்கும் நடுவில் எங்கோ இறங்கிவிட்டது. காரின் கம்ப்யூட்டர் கேட் கணக்கை நம்பி, 100 மூட்டைக்கு உண்டான டீசலை ஊற்றுகிறது. உள்ளே இருப்பது 70 மூட்டைக் காற்று. மிச்சம் கரி. வண்டிக்கு இழுவை வராததால் டிரைவர் இன்னும் மிதிப்பார், இன்னும் டீசல், இன்னும் கரி. புகையும் வந்தது, மைலேஜும் போனது.

சைலன்ஸர் புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் கறுப்புப் புகை வரும். ஆனால் அப்படியென்றால் புதுக் காற்று உள்ளே வருவதே குறைந்து, கேட் கணக்கிலேயே குறைவு தெரியும். இங்கே கேட் கணக்கு சரி, குடோன்தான் குறைகிறது. ஆக ஓட்டை நடுவழியில்.

நடுவில் இருப்பது டர்போ, அது அமுக்கிய சூடான காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர், இரண்டையும் எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர் ஹோஸ்கள். பாய் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். ஒரு ஹோஸின் அடிப்பக்கம் மட்டும் ஆயில் ஈரமாக, தூசி அப்பியிருந்தது. டர்போ வழியாக வரும் காற்றில் எப்போதும் லேசாக ஆயில் ஆவி இருக்கும். காற்று கசியும் இடத்தில் அது தடயம் விட்டுவிட்டுப் போகும். பஞ்சர் கடைக்காரர் செய்வதைத்தான் பாயும் செய்தார். வாயை அடைத்து, கொஞ்சமாகக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணி தெளித்தார். கிளிப்புக்குக் கீழே குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஹோஸைக் கழற்றி வளைத்தால் சிரிக்கிற வாய் மாதிரி ஒரு கீறல், இரண்டு அங்குலம். சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் மட்டும் வாயைத் திறக்கும். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி வைத்துப் பார்த்த யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் இதுதான்.

புது ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 3,100 ரூபாய். புகை நின்றது. சான்றிதழ் எடுக்கும் இடத்தில் 0.9 காட்டியது. உண்மையான பாஸ்.

படம் இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் டேங்க் ஃபுல் கணக்கு முடிக்கவிடவில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி அளந்தால் 17.9. மறுபடி அளந்தார். 18. பழைய 20 வரவில்லை.

"2,40,000 ஓடியிருக்கு, இனி அவ்வளவுதான் போல," என்று வீட்டில் வந்து சொன்னார் அண்ணன். நல்ல சமாதானம்தான். கஷ்டம் பாதி தீர்ந்தவுடன் மீதியோடு குடித்தனம் நடத்தப் பழகிவிடுவது மனித சுபாவம்.

அண்ணிக்குச் சமாதானம் ஆகவில்லை. தினமும் ராத்திரி வரவு செலவு நோட்டு எழுதுவது அவர்தான். வண்டி வந்து நின்றதும் மீட்டர் எண் ஒரு பத்தியில், டீசல் ரூபாய் அடுத்த பத்தியில். ஏழு மாதமாக இரண்டு பத்தியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்றை ஒன்றால் வகுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

தோன்றாததற்குக் காரணமும் இருந்தது. அந்த வருஷம் மார்ச் 15ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்தது. செலவு பெரிதாக ஏறியது போலத் தெரியவில்லை. ஏப்ரல், மே சீசனில் ஓட்டம் கூடியது, டீசல் செலவும் கூடத்தானே செய்யும்? ரூபாயை மட்டும் பார்த்தால் எல்லாம் நியாயமாகவே தெரிந்தது. அண்ணி ரூபாயை அன்றன்றைய விலையால் வகுத்து லிட்டராக்கினார். மாதத்தின் மொத்தக் கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தார். மாதக் கணக்கு என்பதால் டேங்கில் முன்னே பின்னே மிச்சமிருப்பது பெரிய வித்தியாசம் செய்யாது. வந்தது இது:

ஜனவரி 20.2
பிப்ரவரி 20
மார்ச் 18.4
ஏப்ரல் 18
மே 17.8
ஜூன் 15.1
ஜூலை (ஹோஸ் மாற்றும் வரை) 14.5

"என்னங்க, இங்க பாருங்க. இது ஒரு தடவை குறையல. ரெண்டு தடவை குறைஞ்சிருக்கு."

அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்தார். சரிவு என்றால் மெதுவாக இறங்கியிருக்க வேண்டும். இது படிக்கட்டு. மார்ச்சில் ஒரு படி, ஜூனில் ஒரு படி. ஜூன் படி ஹோஸ். அது சரியானதும் வண்டி சரியாக மே மாதத்துக்குத் திரும்பி நிற்கிறது! வயசானதால் என்றால் பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் ஒரே வாரத்திலா வயசாகும்?

மார்ச் பக்கத்தை அண்ணி புரட்டினார். முதல் வாரத்தில் அவர் கையெழுத்திலேயே ஒரு வரி. "முன் பிரேக் பேட் மாற்றியது, 1,800."

மறுநாள் காலையில் அண்ணன் பிரேக்கை அதிகம் தொடாமல் பைபாஸில் இருபது கிலோமீட்டர் ஓட்டி, ஓரமாக நிறுத்தி இறங்கினார். நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார், தொடவில்லை. மூன்று சாதாரணம். முன்பக்கம் இடது சக்கரத்தில் அனல் அடித்தது. பாட்டில் தண்ணியில் இரண்டு சொட்டு டிஸ்க்கில் தெளித்தார். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி ஸ்ஸ்ஸ் என்றது.

பாய் பட்டறையில் ஜாக்கி போட்டுத் தூக்கி அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அரைச் சுற்றில் நின்றது. வலது பக்கம் மூன்று சுற்று போனது. பேட் மாற்றியபோது காலிப்பர் நகரும் பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்காமல் மாட்டிவிட்டிருக்கிறார்கள். பின் துருப்பிடித்து இறுகி, பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து மாதமாக அண்ணன் பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறார், தெரியாமல். இதற்கும் எஞ்சினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதற்குப் புகை கிடையாது, சத்தம் கிடையாது. நோட்டில் ஒரு படி மட்டும்தான் உண்டு.

புது பின் கிட், கிரீஸ், கூலி 800 ரூபாய். அடுத்த டேங்க் ஃபுல் கணக்கு 19.8.

இரண்டு வேலைக்கும் சேர்த்து 3,900 ரூபாய். 14.5 கொடுத்தது 19.8 ஆனதில் நாளைக்கு 340 ரூபாய்க்கு மேல் மிச்சம். பன்னிரண்டு நாளில் போட்ட காசு திரும்பி வந்துவிட்டது. இன்ஜெக்டருக்கு 50 ஆயிரம் போட்டிருந்தால்? புகையும் அப்படியே இருந்திருக்கும், அனலும் அப்படியே இருந்திருக்கும், சங்கிலி மட்டும் அடகுக் கடையில் இருந்திருக்கும். அப்புறம் "இன்ஜெக்டர் புதுசு, அதனால எஞ்சின்தான்" என்று 80 ஆயிரம் தயாராகக் காத்திருந்திருக்கும்.

புகையும் வருகிறது, மைலேஜும் குறைகிறது என்றால் இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைப்பது இயல்பு. பாதிக்கு அது உண்மையும்கூட. ஆனால் கண்ணுக்குத் தெரியும் நோய் தெரியாத நோயின் மேல் பழி வராமல் மறைத்துவிடும். புகை நின்றதும் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். மீதி 2 கிலோமீட்டரை "வண்டி பழசு" என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம். எழுதுவதற்கு முன் அது எப்போது குறைந்தது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் நல்லது. எவ்வளவு என்று அளப்பது ஒரு பாதி. எந்தத் தேதியிலிருந்து என்பது இன்னொரு பாதி. அதற்கு ஸ்கேனர் வேண்டாம், ஒரு நோட்டும் வகுத்தல் கணக்கும் போதும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பி.எஸ். 6 டீசல் கார்களில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அவற்றில் இப்படி ஹோஸ் கிழிந்தாலும் வெளியே கறுப்பாகத் தெரியாமல் போகலாம். கரி உள்ளேயே அடைந்து, வடிகட்டி அடிக்கடி நிறையும், மைலேஜ் குறையும். புகை வந்து காட்டிக்கொடுக்காத வண்டிக்கு இந்த நோட்டு இன்னும் அதிகமாகத் தேவை.

எஃப்.சி. நல்லபடியாக முடிந்தது. வாடிக்கைக்காரரை ஆகஸ்டில் மறுபடி கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார். மலையில் இரண்டு தடவை கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் சாலை தெளிவாக இருந்தது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012லேயே சொல்லிவிட்டது. அண்ணனுக்கு அது தெரியுமோ என்னவோ. ஆனால் ஜூனிலிருந்து தன் வண்டிக்குப் பின்னால் எத்தனை பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்திருப்பார்கள் என்று அன்றைக்கு வீட்டில் சொல்லி வருத்தப்பட்டார். காசு போனது கணக்கில் திரும்பி வந்துவிட்டது. அது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

அண்ணி பதில் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் ஸ்கேல் வைத்து இன்னும் இரண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பத்திக்கு மேலே "லிட்டர்" என்று எழுதினார். பக்கத்துப் பத்திக்கு "மைலேஜ்".

"இன்னைக்கு எத்தனை லிட்டருங்க?" என்றார்.